'காரணம்' என்ற கட்டத்துக்குள் எதை எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாக உங்கள் ஞாயிறு பக்கத்தில் இன்றைய இளைஞர்கள் ஏன் இப்படி ஆகிறார்கள் என்று ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் கைப்பேசி என்கிறார், ஒருவர் பெற்றோர் கண்டிப்பதில்லை என்கிறார், இன்னொருவர் வேலையின்மை என்கிறார், சென்ற வாரம் எழுதியவர் ஒழுக்கக் கல்வி இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவிட்டார். யாரோடும் சண்டை போட நான் வரவில்லை. நான்கு பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எனக்கு உறுத்தியது வேறு: நான்கு பேரில் ஒருவருக்குக்கூடத் துளி சந்தேகம் இல்லை.

இந்த உறுத்தலுக்கு ஒரு பழைய கதை உண்டு. ஓய்வு பெறுவதற்கு முன் பல வருடம் நான் பார்த்த வேலை, பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகளைப் பற்றிய கணக்கெடுப்புப் படிவங்களைச் சரிபார்ப்பது. படிவத்தின் கடைசிக் கட்டம் 'காரணம்'. ஒரு அங்குலம் அகலம் இருந்தால் அதிகம். அதில் ஒரே ஒரு எண்ணைப் போட வேண்டும், வறுமைக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று, இடம்பெயர்வுக்கு ஒன்று, ஆர்வமின்மைக்கு ஒன்று என்று. ஒருநாள் வந்த படிவத்தில் கட்டத்துக்குள் ஆர்வமின்மைக்கான எண் இருந்தது, ஆனால் கணக்கெடுத்தவர் மனசு கேட்காமல் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: அப்பாவுக்கு விபத்து, அம்மா வேலைக்குப் போகிறார், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவள்தான், இரண்டு மாதம் போகவில்லை, திரும்பிப் போனபோது கணக்குப் பாடம் புரியவில்லை, எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாள், இப்போது போகப் பிடிக்கவில்லை என்கிறாள். மேலதிகாரியிடம் காட்டினேன். "ஓரத்தில் எழுதினதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறாதும்மா, எண்ணை மட்டும் பாருங்க" என்றார். எண் சரியாகத்தான் இருந்தது, பிடிக்கவில்லை என்று அந்தப் பெண்ணே சொல்லியிருக்கிறாளே. நானும் சரி என்று டிக் போட்டு அடுத்த படிவத்துக்குப் போய்விட்டேன். அப்படி எத்தனை டிக் போட்டேனோ. ஆர்வமின்மை என்ற எண்ணைப் போட்டுவிட்டால் பிள்ளையைத் தவிர வேறு யார் தலையும் உருளாது, பிள்ளைக்கு ஆர்வம் ஊட்ட ஒரு பேச்சாளரை அழைத்து வந்து கூட்டம் போட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகவும் எழுதிவிடலாம்.

சமூகப் பிரச்சினைகளுக்குக் காரணம் சொல்லும் கோட்பாடுகள் பெரும்பாலும் இந்த ஒரு அங்குலக் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதில் என்னை மிகவும் ஆட்டிவைத்தது, பார்த்தால் சமூகப் பிரச்சினையே அல்லாத ஒன்று. ஒரு நோய்.

பெல்லாக்ரா என்று பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானவர்களைத் தாக்கியது. வெயில் படுகிற இடத்தில் தோல் வெந்தது போலாகும், வயிற்றுப்போக்கு வரும், கடைசியில் புத்தி பேதலிக்கும், பலர் செத்தும் போனார்கள். ஏழைகளுக்கே அதிகம் வந்தது. கோட்பாடுகளுக்குப் பஞ்சமில்லை. தொற்றுநோய் என்றார்கள், அதற்கென்று அமைத்த ஆய்வுக்குழு ஒன்று அசுத்தமான சூழலையும் கழிவு வசதியின்மையையும் சுட்டியது. வம்சாவளிக் கோளாறு என்றும் ஒரு கோஷ்டி கிளம்பியது. எல்லாவற்றுக்கும் 'ஆதாரம்' இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரே வீட்டில் பலருக்கு வருகிறது, அப்படியானால் தொற்று. அப்பாவுக்கும் மகனுக்கும் வருகிறது, அப்படியானால் பரம்பரை. அழுக்கான குடியிருப்பில் வருகிறது, அப்படியானால் அழுக்கு.

1914இல் ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவரை அனுப்பினார்கள். மனநலக் காப்பகங்களுக்கும் அநாதை இல்லங்களுக்கும் போய்ப் பார்த்தவரின் கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம். உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது, அவர்களைத் தொட்டுக் குளிப்பாட்டித் துணி மாற்றும் செவிலியருக்கும் பணியாளருக்கும் வருவதே இல்லை. தொற்றுநோய்க்கு இவர் நோயாளி, இவர் ஊழியர் என்று தெரியுமா என்ன? அப்படியானால் இரண்டு பேருக்கும் நடுவில் வேறு எது மாறுகிறது? சாப்பாடு. ஊழியர்கள் நல்லதை எடுத்துக்கொண்டார்கள், மற்றவர்களுக்கு மக்காச்சோளமும் வெல்லப்பாகும்தான் மிச்சம். அநாதை இல்லங்களில் பால், முட்டை, இறைச்சி, பயறு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார், நோய் ஓடிப்போனது. யாரும் நம்பவில்லை. 1915இல் ஒரு சிறைப் பண்ணையில், பரிசோதனைக்குச் சம்மதித்தால் விடுதலை என்று கவர்னரை உறுதி சொல்ல வைத்து, கைதிகளுக்கு மக்காச்சோளச் சாப்பாட்டையே மாதக்கணக்கில் கொடுத்தார், பாதிப்பேருக்கு நோய் வந்தது. (இந்தக் காலத்தில் அந்தப் பரிசோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி கொடுக்காது, கொடுக்கவும் கூடாது.) அப்போதும் நம்பவில்லை. 1916இல் அவரும் மனைவியும் இன்னும் சிலருமாக நோயாளியின் ரத்தத்தைத் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொண்டார்கள், நோயாளியின் தோல் செதிளையும் மலத்தையும் உருண்டையாக்கி இவர் விழுங்கினார். ஒருவருக்கும் பெல்லாக்ரா வரவில்லை.

இதோடு நிறுத்தினால் இது ஒரு டாக்டர் கதை. சிடென்ஸ்ட்ரிக்கர் என்ற பொருளாதார நிபுணரைச் சேர்த்துக்கொண்டு பருத்தி ஆலைக் குடியிருப்புகளில் வீடு வீடாக வருமானமும் சாப்பாடும் கணக்கெடுத்தபோது வருமானம் இறங்க இறங்க நோய் ஏறியது தெரிந்தது. சரி, ஏன் பாலும் பயறும் சாப்பிடவில்லை, அறியாமையா? இல்லை, வாங்கப் பணம் இல்லை. குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பங்களுக்கு நிலம் இருக்கிறதே, கொல்லையில் காய்கறி போடக்கூடாதா? நிலம் அவர்களுடையது அல்ல, கடனுக்கு ஈடு பருத்திதான், வீட்டு வாசல்படி வரைக்கும் பருத்தி போட்டால்தான் நில உடைமையாளர் ஒத்துக்கொள்வார். ஆக பெல்லாக்ராவுக்குக் காரணம் என்ன? 1937இல் கண்டுபிடித்தபடி நியாசின் என்ற சத்தின் குறைபாடா, மக்காச்சோளமா, குறைந்த கூலியா, குத்தகை முறையா, பருத்தி விலை விழுந்ததா? எல்லாமும்தான். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவைத்தது போல நிற்கின்றன. அந்த அடுக்கில் எந்த இடத்தில் விரலை வைத்து 'இதுதான் காரணம்' என்கிறோம் என்பது, யாரை மாறச் சொல்லப் போகிறோம் என்பதையும் சேர்த்துத் தீர்மானித்துவிடுகிறது. சாப்பாடு என்றால் அந்த வீட்டுப் பெண் மாற வேண்டும், கூலி என்றால் ஆலை முதலாளி மாற வேண்டும், குத்தகை என்றால் சட்டமே மாற வேண்டும். தென் மாநில அரசியல்வாதிகளுக்குக் கோல்ட்பெர்கர் மேல் வந்த கோபம் மருத்துவக் கோபம் அல்ல, தங்கள் மண்ணில் மக்கள் பட்டினி என்று வெளியே சொல்லிவிட்டாரே என்ற கோபம்.

உங்கள் பக்கத்தில் எழுதுகிற 'வேரை வெட்டு' அன்பர்களுக்கும் இதே கதையில் ஒரு குட்டு இருக்கிறது. பெல்லாக்ராவை ஒழிக்கப் பெரிய அளவில் கைகொடுத்தது 1940களில் ரொட்டி மாவிலேயே நியாசினைக் கலந்து விற்றது. குத்தகை முறையின் கொடுமை அப்போதும் மிச்சம் இருந்தது, ஆனாலும் நோய் போனது. வேரைத் தொடாமல் நடு அடுக்கில் கைவைத்தே ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்ற முடிந்தது. சமுதாய அமைப்பு முழுவதும் மாறும் வரை எதுவும் செய்ய முடியாது என்று வாதிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் காத்திருக்கப் போகிறவர்கள் அவர்கள் அல்ல.

வறுமைக்கு வருகிறேன். ஏழைகள் ஏன் ஏழைகள் என்று கேட்டால் குடி, சோம்பல், ஊதாரித்தனம் என்று பதில் சொல்வது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. சீபோம் ரவுன்ட்ரீ என்ற ஆய்வாளர் 1899இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் தொழிலாளர் வீடுகளைக் கணக்கெடுத்தார். வரும் பணம் முழுவதையும் ஒரு காசு வீணாக்காமல் செலவழித்தாலும் உடம்பைக் காக்கப் போதாத நிலையில் இருந்த குடும்பங்களைத் தனியாகப் பிரித்து ஏன் என்று பார்த்தார். பாதிக்குச் சற்று மேற்பட்டோர் விஷயத்தில் பதில், குடும்பத் தலைவர் ஒழுங்காக வேலைக்குப் போகிறார், கூலிதான் போதவில்லை என்பது. உழைக்கிறார், ஏழையாகவும் இருக்கிறார். 120 வருடத்துக்கு மேல் ஆகியும் இது நம் மண்டையில் ஏறவில்லை. ஏறாததற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது (பாருங்கள், நானும் ஆரம்பித்துவிட்டேன்): அவன் செய்த தப்பால்தான் அவனுக்கு அப்படி ஆனது என்று நம்பினால், நமக்கு அப்படி ஆகாது என்ற நிம்மதி கிடைக்கிறது.

இன்னொரு சிக்கல், எது முன்னால் எது பின்னால் என்பது. வறுமையால் பிள்ளைகளின் நடத்தை கெடுகிறதா, இல்லை, மனக்கோளாறும் ஒழுங்கின்மையும் உள்ள குடும்பங்கள்தான் வறுமைக்குள் சரிகின்றனவா? இரண்டு பக்கமும் ஆட்கள் உண்டு, உட்கார்ந்த இடத்தில் வாதாடினால் விடிய விடிய வாதாடலாம். யாரையும் வேண்டுமென்றே ஏழையாக்கிப் பார்க்கவும் முடியாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1993 முதல் ஜேன் காஸ்டெல்லோ என்பவரின் குழு 1,420 பிள்ளைகளை வருடாவருடம் பின்தொடர்ந்து கொண்டிருந்தது. அதில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் செரோக்கி பழங்குடிப் பிள்ளைகள். பாதி வழியில் அந்தப் பழங்குடியினரின் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறந்தார்கள், அதன் லாபத்தில் ஒரு பங்கு அந்தப் பழங்குடியைச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் போக ஆரம்பித்தது. உழைப்பாளி, சோம்பேறி, குடிகாரர் என்று பார்க்காமல் எல்லாருக்கும். ஆய்வாளர்கள் கேட்டு வாங்கியிருந்தால்கூட இப்படி ஒரு பரிசோதனை கிடைத்திருக்காது. 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வறுமையிலிருந்து வெளியே வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் அடிதடி, பிடிவாதம், சொல் கேளாமை போன்ற நடத்தைக் கோளாறுகள் குறைந்து, ஒருபோதும் ஏழையாக இல்லாத பிள்ளைகளின் அளவுக்கே வந்துவிட்டன. பதற்றமும் மனச்சோர்வும் மட்டும் குறையவில்லை. இந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது, ஏனென்றால் பணம் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்கிறவரையும் பணத்தால் ஒன்றும் ஆகாது என்கிறவரையும் அது ஒரே நேரத்தில் வாயடைக்க வைக்கிறது. இடையில் என்ன நடந்தது என்றும் பார்த்திருக்கிறார்கள்: பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்திருக்கிறது. ஆக உங்கள் பக்கத்தில் வளர்ப்பு சரியில்லை என்று எழுதியவரும் வேலையின்மை என்று எழுதியவரும் எதிரெதிர் கட்சி அல்ல, ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகளுக்கோ அளவே இல்லை. நியூயார்க் நகரில் 1990இல் 2,200க்கு மேல் கொலைகள், 1998இல் 700க்கும் கீழே. உடைந்த ஜன்னலை அப்படியே விட்டால் அந்தத் தெருவே கெடும், சின்னக் குற்றத்தைப் பிடித்தால் பெரிய குற்றம் குறையும் என்று 1982இல் வில்சன், கெல்லிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கோட்பாட்டை 1994 முதல் அங்கே போலீஸ் தீவிரமாகக் கடைப்பிடித்ததால் வந்த வெற்றி இது என்று உலகமே பேசியது. ஆனால் குறைய ஆரம்பித்தது அதற்கு முன்பே. அப்படிச் செய்யாத நகரங்களிலும் குறைந்தது, கனடாவிலும் குறைந்தது. அப்புறம் வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்: பெட்ரோலில் ஈயம் கலப்பதை நிறுத்தியதால் ஒரு தலைமுறையின் மூளை பிழைத்தது, கிராக் என்ற கொக்கெய்ன் போதை அடங்கியது, சிறைகள் நிரம்பின, வேலை பெருகியது, கருக்கலைப்பு சட்டபூர்வமானதால் வேண்டாத பிறப்புகள் குறைந்தன. இன்னும் தீர்ப்பு வந்தபாடில்லை. பனம்பழத்துக்குக் கீழே காக்கைகள் ஒரு கூட்டமாக நின்று நான்தான் நான்தான் என்று கத்துவதுபோல் இருக்கிறது.

காரணத்தைத் தப்பாகப் பிடித்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும், நல்ல எண்ணத்தில்தானே செய்கிறோம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் ஒரு திட்டம் ஆரம்பித்தார். கெட்டுப்போகக் கூடும் என்று கருதிய சிறுவர்களை நல்வழிப்படுத்த வேண்டும். கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற பையன்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, காசைச் சுண்டிப் போட்டு ஒருவனைத் திட்டத்தில் சேர்த்தார்கள், மற்றவனை விட்டுவிட்டார்கள். கடைசிவரை ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 506 பேர். சேர்ந்த பையன்களுக்குச் சராசரியாக ஐந்து வருடம், மாதத்துக்கு இரண்டு முறை ஆலோசகர் வீட்டுக்கு வருவார், பாடம் சொல்லித்தருவார், வைத்தியம் பார்க்க வைப்பார், கோடை முகாமுக்கு அனுப்புவார். யார் குறை சொல்ல முடியும்? முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தப் பையன்களை, அதாவது நடுவயதை எட்டிவிட்ட அந்த ஆண்களை, பழைய முகவரிகளையும் நீதிமன்ற, மருத்துவமனைப் பதிவுகளையும் துருவித் தேடினார். திட்டத்தில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அது தங்களுக்கு உதவியது என்று நன்றியோடு சொன்னார்கள். பதிவேடுகள் வேறு சொல்லின. குற்றத்தில் அவர்கள் மற்றவர்களைவிட எந்த விதத்திலும் குறைவில்லை, குடிப்பழக்கமும் மனநோயும் அவர்களிடம்தான் அதிகம், சீக்கிரம் செத்தவர்களும் அவர்களில்தான் அதிகம். ஒரே மாதிரி பையன்களை முகாமில் ஒன்றாகப் போட்டதில் ஒருவனிடமிருந்து ஒருவன் கற்றுக்கொண்டான் என்று பின்னாளில் ஒரு விளக்கம் வந்தது. அது எப்படியோ, காசைச் சுண்டிப் போட்டு விட்டுவைத்த அந்த மற்ற பாதி இல்லாமல் இருந்திருந்தால் திட்டம் மாபெரும் வெற்றி என்று இன்றைக்கும் மேடையில் பேசிக்கொண்டிருப்போம், பயனாளிகளே சாட்சி சொல்கிறார்களே.

கெட்டுப்போகிற பையன்களைச் சிறைக்கு அழைத்துப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்ட வைத்தால் திருந்திவிடுவார்கள் என்ற யோசனையும் இதே ரகம். 1970களின் கடைசியில் நியூ ஜெர்சியில் அதைச் செய்து, படமும் எடுத்து, பெரிய விருதும் வாங்கினார்கள். முறையான பரிசோதனைகள் நடத்தியபோது, சிறைக்குப் போய் வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகம் குற்றம் செய்தார்கள் என்று தெரிந்தது. பயம் இல்லாததுதான் காரணம் என்ற கோட்பாடு கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

கைப்பேசி பற்றி எழுதியவருக்கு ஒரு வார்த்தை. 1954இல் அமெரிக்காவில் இளைஞர்கள் கெடுவதற்குக் காரணம் காமிக்ஸ் என்று ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் ஒரு புத்தகமே எழுதினார், செனட் விசாரணை நடந்தது, பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே தணிக்கை போட்டுக்கொண்டார்கள். அவருடைய குறிப்புகளைப் பின்னாளில் புரட்டிய கரோல் டில்லி என்ற ஆய்வாளர், வெர்தாம் தன் வாதத்துக்கு ஏற்றபடி பையன்கள் சொன்னதை மாற்றியும் வெட்டியும் எழுதியிருந்ததை 2012இல் காட்டினார். அதனால் கைப்பேசி நல்ல பிள்ளை என்று நான் சொல்லவில்லை. என் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்குவது ஆதாரம் ஆகாதே.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு விவாதம் நடத்தினால், எழுதுகிற ஒவ்வொருவரிடமும் கடைசியில் ஒரு வரி கூடுதலாக வாங்குங்கள்: எதைப் பார்த்தால் நான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வேன் என்று. பாதிப்பேர் கட்டுரையே அனுப்ப மாட்டார்கள், உங்களுக்கும் பக்கம் மிச்சம்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. இடம் இல்லையென்றால் வெர்தாமை வெட்டுங்கள், நியூயார்க்கை வெட்டுங்கள், கோல்ட்பெர்கரையும் அந்தப் பென்சில் குறிப்பையும் மட்டும் விட்டுவையுங்கள். தலைப்பு உங்கள் இஷ்டம், ஆனால் 'சமூகச் சீரழிவுக்குக் காரணம் இதுதான்: வாசகி' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி